விழுங்கும்போது கழுத்து வலி: எங்கே என்று ஒரு விரலால் காட்டுங்கள்

கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். "எச்சில் விழுங்க முடியல டாக்டர், கழுத்தெல்லாம் வலி" என்று வராதவர் இல்லாத நாளே கிடையாது. எங்கே என்று கேட்டால் உள்ளங்கையால் கழுத்து முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். "ஒரே விரலால் காட்டுங்க" என்று சொன்ன பிறகுதான் கதை பிரியும். ஒருவர் விரல் தாடைக்கு அடியில் போய் நிற்கும். இன்னொருவருக்குத் தொண்டைக்குழிக்குச் சற்று மேலே. வேறொருவர் பின்கழுத்தைத் தொடுவார். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் மூவருமே என்னிடம் வருவதற்கு முன் மெடிக்கல் ஷாப்பில் மூன்று மாத்திரை உள்ள ஆன்டிபயாடிக் அட்டையை வாங்கி முடித்திருப்பார்கள்.

வலி எவ்வளவு கடுமை என்பதை வைத்து இந்தத் தொல்லையை அளக்கவே கூடாது. சாதாரண வைரஸ் காய்ச்சல் உயிர் போகிற மாதிரி வலிக்கும். புற்றுநோய் ஆரம்பத்தில் லேசாக உறுத்திவிட்டுப் போகும். எந்த இடம், எத்தனை நாள், கூட என்ன இருக்கிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேரே போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

இதில் ஏதாவது இருந்தால் உடனே 108

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிகிறது. மூச்சு இழுக்கும்போது 'ஈ' என்று சத்தம் வருகிறது. படுக்க முடியாமல் முன்னால் சாய்ந்து, கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இப்படி இருப்பவரின் வாயில் கரண்டியை விட்டுத் தொண்டையைப் பார்க்காதீர்கள். மூச்சுக்குழாய் வாசலில் உள்ள மூடி வீங்கியிருந்தால் அந்தக் கரண்டி பட்டதிலேயே மூச்சு அடைத்துவிடலாம். உட்கார்ந்த நிலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.

தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை போல வீங்கி, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அதுவும் இந்த வகைதான். பெரும்பாலும் கீழ்க்கடைவாய்ப் பல்லின் சொத்தையிலிருந்து கிளம்பிய சீழ். பல்வலிக்குக் கிராம்பு வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், கிளம்புங்கள். ரிமோட், பொம்மை, எடை மெஷின் எதிலிருந்தாவது பேட்டரி காணவில்லையா என்று ஒருவர் தேடட்டும். அதற்காக மற்றவர் காத்திருக்க வேண்டாம். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

பலமாக வாந்தி எடுத்த பிறகு நெஞ்சும் கழுத்தும் வலித்து, கழுத்துத் தோலை அழுத்தினால் உள்ளே நறநறவென்று இருந்தால் காற்று கசிந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

இன்னொன்று. விழுங்கும்போது இல்லாமல், மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தொண்டையும் தாடையும் இறுக்கிப் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் அது தொண்டை நோயே அல்ல. ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

வீட்டிலேயே ஐந்து நிமிட சோதனை

மேலே சொன்ன எதுவும் இல்லையா? சரி. ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

முதலில் விரல். ஒரே விரலால் வலிக்கிற இடத்தைத் தொடுங்கள். அப்புறம் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். வலி அதே இடத்தில் வருகிறதா, வேறு எங்காவது ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு தண்ணீர் குடிக்காமல் தலையை இடமும் வலமும் திருப்புங்கள். திருப்பும்போது கூடுதலாக வலித்தால், தொண்டையைவிடத் தசை, எலும்புப் பக்கம்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்து மொபைல் டார்ச். வாயைத் திறந்து 'ஆ' சொல்லச் சொல்லி வேறு யாராவது பார்க்கட்டும். உள்நாக்கு நடுவில் நேராகத் தொங்குகிறதா, இரண்டு பக்க டான்சிலும் ஒரே அளவா, வெள்ளைத் திட்டு உண்டா, கடைவாயில் சொத்தைப் பல் உண்டா என்று பார்த்தால் போதும்.

காய்ச்சலைத் தெர்மாமீட்டரால் பாருங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் காய்ச்சல் கணக்கில் சேராது. கடைசியாகத் தாடைக்கு அடியில், காதுக்குக் கீழே, பின்கழுத்தில் விரல் நுனியால் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே வாருங்கள்.

அறிகுறி 1: தொண்டை முழுக்க வலி, தாடைக்கு அடியில் நெறி, காய்ச்சல்

*மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது, குரல் கம்மியிருக்கிறது:* வைரஸ். வருபவர்களில் பெரும்பகுதி இதுதான். இரண்டாம் மூன்றாம் நாளில் வலி உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். ஆன்டிபயாடிக் போட்டாலும் அதே ஒரு வாரம்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு நாலைந்து முறை கொப்பளியுங்கள். பெரியவர்கள் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேர இடைவெளியில் போடலாம். ஈரலில் கோளாறு உள்ளவர்களும் தினம் குடிப்பவர்களும் மட்டும் கேட்டுவிட்டுப் போடுங்கள். மிளகு ரசம், பால், கஞ்சி எது இறங்குகிறதோ அது.

*இருமலே இல்லை, காய்ச்சல் 101-ஐத் தாண்டுகிறது, டான்சிலில் வெள்ளைத் திட்டு, முன்கழுத்து நெறியைத் தொட்டால் வலி:* இங்கேதான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை இருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளிடம் அதிகம். டாக்டர் பார்த்துப் பாக்டீரியாதான் என்று எழுதிக் கொடுத்தால், பென்சிலின் வகைக்கு 10 நாள் கணக்கு. மூன்றாம் நாள் பிள்ளை துள்ளி விளையாடும், மீதி மாத்திரை டப்பாவில் கிடக்கும். அப்படி விடக் கூடாது. சரியாக அடங்காத இந்தத் தொண்டை வலிதான் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீக்கமாகி, இதய வால்வில் போய் உட்காருகிறது.

*பதின்ம வயது, பின்கழுத்திலும் நெறி, வாரக்கணக்கில் அசதி:* எச்சில் மூலம் பரவும் ஒரு வைரஸ் காய்ச்சல் உண்டு. அமாக்சிசிலின் போட்டதும் உடம்பெல்லாம் சிவந்து தடித்தால் அநேகமாக அதுதான். மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும் என்பதால் கபடி, கால்பந்து எல்லாம் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

*ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியவில்லை, பேச்சு வாயில் கொழுக்கட்டை வைத்தது போல இருக்கிறது:* டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கிறது. டார்ச்சில் பார்த்தால் உள்நாக்கு நல்ல பக்கமாகத் தள்ளப்பட்டுக் கோணலாகத் தெரியும். மாத்திரையால் மட்டும் இது கரையாது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஊசியாலோ கத்தியாலோ சீழை எடுத்துவிட்டால், வரும்போது எழுதிக் காட்டியவர் போகும்போது பேசிக்கொண்டு போவார். அன்றைக்கே போங்கள்.

*தடுப்பூசி போடாத குழந்தை, தொண்டையில் சாம்பல் நிறப் படலம், கழுத்து இருபுறமும் தடித்து வீங்கியிருக்கிறது:* தொண்டை அடைப்பான். நேரே பெரிய மருத்துவமனை.

*தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கார்பிமசோல் மாத்திரை எடுப்பவர்:* உங்களுக்கு மட்டும் விதி வேறு. காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அரிதாக அந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் இதே அவசரம்.

அறிகுறி 2: ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஒரே இடத்தில் குத்துகிறது

கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்? எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு வரும் பதில் மத்தி, கெண்டை, வாளை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வரும் கூட்டத்தில் ஒருவராவது மீன் முள் ஆள்தான்.

வருவதற்கு முன் வீட்டில் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்க வைத்திருப்பார்கள். அடுத்து வாழைப்பழம். அதற்கும் அசையவில்லை என்றால் விரலை விட்டுக் குமட்ட வைப்பது. சோற்று உருண்டையில் சில முள் இறங்கிவிடுவது உண்மைதான், இல்லையென்றால் இந்த வைத்தியம் இத்தனை தலைமுறை தாண்டியிருக்காது. ஆனால் இறங்காத முள் உருண்டையின் அழுத்தத்தில் இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்கிறது, அல்லது முறிந்து பாதி உள்ளே தங்கிவிடுகிறது. மேலாக நின்றிருந்தால் ஒரு நிமிடத்தில் எடுத்திருக்கக்கூடிய முள் அது. எலுமிச்சைச் சாறு, வினிகர் எதுவும் முள்ளைக் கரைக்காது.

முதல் சோதனை: குத்தும் இடம் எப்போதும் ஒன்றுதானா? ஒரே இடம் என்றால் முள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறிக்கொண்டே இருந்தால், சாப்பிடும்போது குறைந்தால், முள் போய்க் கீறல் மட்டும் மிச்சம் இருக்கலாம். கீறலின் எரிச்சல் ஓரிரு நாளில் நாளுக்கு நாள் குறையும். கூடினால் அது கீறல் இல்லை.

இரண்டாவது சோதனை: வலி குரல்வளை மேட்டுக்கு மேலேயா, கீழேயா? மேலே, அதுவும் ஒரு பக்கமாக இருந்தால் முள் பெரும்பாலும் டான்சிலிலோ நாக்கின் அடிப்பாகத்திலோ நிற்கும். டாக்டர் இடுக்கியால் எடுத்துவிடுவார். கீழே என்றால் உணவுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம், எண்டோஸ்கோபி தேவைப்படும். எக்ஸ்ரேயில் எல்லா மீன் முள்ளும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் குத்தல் நீடித்தால் சி.டி. எடுக்கச் சொல்வார்கள். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்று நாலு நாள் கழித்துக் காய்ச்சலோடும் கழுத்து வீக்கத்தோடும் வந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பல்செட் போட்டிருக்கும் தாத்தா பாட்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். செட் மேலண்ணத்தை மூடியிருப்பதால் முள்ளோ கோழி எலும்போ வாயில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நேரே விழுங்கிவிடுவார்கள்.

எப்போது டாக்டர்? ஒரே இடத்துக் குத்தல் என்றால் அன்றைக்கே. ரத்தம், காய்ச்சல், நெஞ்சுவலி, கழுத்து வீக்கம் எது இருந்தாலும் பொழுது விடியக் காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி 3: முன்கழுத்தின் அடிப்பகுதியில் வலி, தொட்டாலே நோகிறது, தொண்டைக்குள் ஒன்றுமே இல்லை

டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டை ரோஜா இதழ் மாதிரி சுத்தமாக இருக்கும். ஆனால் விழுங்கினால் உயிர் போகும். இதில்தான் மக்கள் அதிகம் அலைகிறார்கள், டாக்டர்களும் அதிகம் தவறவிடுகிறோம்.

தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், நாற்பதை ஒட்டிய வயது. வலி முதலில் வலது தாடையிலும் காதிலும் தெரிந்ததால் பல் டாக்டரிடம் போயிருக்கிறார். ஒரு பல் போனது, வலி போகவில்லை. அப்புறம் காதுக்குச் சொட்டு மருந்து. அடுத்து ஆன்டிபயாடிக் இரண்டு சுற்று. மூன்றாவது வாரம் வலி இடது பக்கம் நகர்ந்துவிட்டது. என்னிடம் வந்தபோது அவர் சொன்ன ஒரு வரி போதுமாக இருந்தது: "தாலிச் சரடு உரசினாலே தாங்க முடியல டாக்டர், கழற்றிப் பையில வச்சிருக்கேன்." கையை நீட்டச் சொன்னேன். விரல்கள் நடுங்கின, உள்ளங்கை வியர்த்திருந்தது, நாடி 110. ஒரு மாதம் முன்னால் சளிக்காய்ச்சல் வந்துபோனதையும் கேட்டபிறகுதான் சொன்னார்.

தைராய்டு சுரப்பி வீங்கி நோகும் நிலை இது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வான் 1904-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே சொல்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு, முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் அதிகம். வலி காதுக்கும் தாடைக்கும் ஏறுவதும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வதும் இதன் கையெழுத்து.

*சோதனை:* மலிவானதிலிருந்து ஆரம்பிக்கலாம். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். (உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கூடும் அளவு) பாருங்கள். 50-க்கு மேல் எகிறியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு 80-ஐத் தாண்டியிருந்தது. கூடவே டி.எஸ்.எச். (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்), டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்). ரத்தத்தில் டி4 கூடினால் டி.எஸ்.எச். குறையும். ஆரம்ப வாரங்களில் டி.எஸ்.எச். மிகவும் குறைந்து கிடக்கும். பிறகு தேவைப்பட்டால் கழுத்து ஸ்கேன்.

*இங்கே ஒரு பொறி இருக்கிறது.* லேப் ரிப்போர்ட்டில் 'தைராய்டு அதிகம்' என்று பார்த்துவிட்டு, சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை ஆரம்பித்துவிடுவது. சுரப்பி அதிகமாக வேலை செய்யவில்லை, வீக்கத்தில் சேமிப்பு கசிகிறது, அவ்வளவுதான். அந்த மாத்திரை இங்கே பயன்படாது, ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. ஐபுரூஃபன், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. அதில் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு. தையல்காரப் பெண்ணுக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்த இரண்டாம் நாளே சரடு கழுத்துக்குத் திரும்பிவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரையை வலி நின்றதும் சட்டென்று நிறுத்தினால் வலி திரும்பும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பார்க்க மறக்காதீர்கள். அதிகமாக இருந்த தைராய்டு ஹார்மோன் குறைவாகிச் சில மாதம் கழித்துப் பெரும்பாலோருக்குச் சரியாகும். சிலருக்கு மட்டும் குறைவாகவே நின்றுவிடும்.

*வலி நிமிடக் கணக்கில் திடீரென்று வந்தது, ஒரு பக்கம் உருண்டையாகப் புடைத்திருக்கிறது:* ஏற்கெனவே தைராய்டில் இருந்த கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். பெரிதாகிக்கொண்டே போனால், மூச்சு முட்டினால் மருத்துவமனை.

அறிகுறி 4: சாப்பிட உட்கார்ந்தால் தாடைக்கு அடியில் வீங்கி வலிக்கிறது

புளிச்சோறு, ஊறுகாய் வாசனைக்கே வலி ஆரம்பிக்கிறதா? சாப்பிட்டு முடித்த ஒரு மணி நேரத்தில் வற்றிவிடுகிறதா? எச்சில் சுரப்பியின் குழாயில் கல். கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் அதிகம் வரும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். எலுமிச்சைத் துண்டைச் சப்பி, தாடைக்கு அடியிலிருந்து முன்பக்கமாக அழுத்தி நீவிவிடுங்கள். சின்னக் கல் தானே வந்து விழும். நாக்குக்கு அடியில் மஞ்சளாக அரிசி போல ஒன்று தெரிந்தால் அதுதான். காய்ச்சல் வந்தால், வாய்க்குள் சீழ் கசிந்தால் டாக்டரிடம் போங்கள்.

காதுக்கு முன்னாலும் கீழேயும் கன்னம் உப்பி, காது மடலைத் தூக்கிவிட்டிருந்தால் பொன்னுக்கு வீங்கி. ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். ஆண்களுக்கு விரை வீங்கினால் காட்ட வேண்டும்.

சாப்பாட்டு வேளையோடு சம்பந்தமில்லாத வீக்கம் என்றால் பல்லைத் தட்டிப் பாருங்கள். வலித்தால் காரணம் அந்தப் பல்லாக இருக்கலாம்.

அறிகுறி 5: விழுங்கினாலும் வலி, தலையைத் திருப்பினால் அதைவிட வலி

*நேற்று ஜிம், தண்ணீர்க் குடம், நீண்ட பேருந்துப் பயணம், தலையணை மாற்றம்:* தசைப்பிடிப்பு. காய்ச்சல் இருக்காது. வெந்நீர் ஒத்தடம், இரண்டு மூன்று நாள் பொறுமை. விடாமல் இருமியவர்களுக்கும் வாந்தி எடுத்தவர்களுக்கும் முன்கழுத்துத் தசை இப்படி நோகும். மயக்கம் கொடுத்து அறுவை செய்தவர்களுக்குத் தொண்டையில் விட்ட குழாயால் ஓரிரு நாள் வலி இருப்பது வழக்கம்தான்.

சுளுக்கு என்று நினைத்து முடிவெட்டும் கடையில் கழுத்தை நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள். கழுத்து ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளிலேயே பதிவாகியிருக்கின்றன. கழுத்து வலியோடு ஒரு கண்ணிமை தொங்கினால், ஒரு பக்கம் பலம் குறைந்தால், வாய் கோணினால் அது 108 விஷயம்.

*குழந்தை, காய்ச்சல், மேலே அண்ணாந்து பார்க்க மறுக்கிறது, கழுத்தைச் சாய்த்தே வைத்திருக்கிறது, சாப்பிட மறுக்கிறது:* ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொண்டையின் பின்சுவரில் சீழ் கட்டும். நீவிவிடுகிறவரிடம் கூட்டிப் போய் நேரத்தை இழக்காதீர்கள்.

*முப்பதுக்கு மேல், ஓரிரு நாளில் கழுத்து மரக்கட்டையாகிவிட்டது, விழுங்கினால் பின்னால் இழுக்கிறது, காய்ச்சல் இல்லை அல்லது லேசாக:* கழுத்தெலும்பின் முன்பக்கத் தசைநாரில் சுண்ணாம்பு படிந்து அழற்சி வந்திருக்கலாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயிலோ சி.டி.யிலோ மேலிரண்டு எலும்புகளுக்கு முன்னால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பார்த்தால் சீழ்க்கட்டி மாதிரியே இருக்கும். தெரிந்த டாக்டர் கத்தியை எடுக்க மாட்டார், வலி மாத்திரையிலேயே ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்வது ஸ்கேனின் வேலை, வீட்டில் ஊகிக்க முடியாது.

அறிகுறி 6: கழுத்தின் அடியிலிருந்து நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிந்து இறங்குகிறது

நேற்றிரவு மாத்திரை போட்டீர்களா? எவ்வளவு தண்ணீரோடு? "ஒரு வாய்" என்பது வழக்கமான பதில். டாக்சிசைக்ளின், இரும்புச்சத்து, பொட்டாசியம், வலி மாத்திரைகள், எலும்பு பலத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் இவையெல்லாம் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் போட்டுவிட்டு அப்படியே படுத்த கல்லூரிப் பிள்ளைகள் மறுநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஹார்ட் அட்டாக் என்ற பயத்தோடு. முழு டம்ளர் தண்ணீர், போட்ட பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்திருத்தல், இந்த இரண்டும் வைத்தியம், தடுப்பு இரண்டுமே. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். சில நாளில் ஆறும்.

*மாத்திரை இல்லை, காலையில் வாய் புளிக்கிறது, எதுக்களிக்கிறது, குரல் கரகரக்கிறது:* அமிலம் மேலேறுகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். தலைமாட்டுக் கட்டில் காலுக்குச் செங்கல் வையுங்கள், தலையணையை அடுக்குவதைவிட அது மேல். சாப்பிடும்போது மறைந்து, சும்மா எச்சில் விழுங்கும்போது மட்டும் உருண்டை போலத் தோன்றினால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. உணவு நிஜமாகவே சிக்கினால் எண்டோஸ்கோபி.

*நாக்கிலும் கன்னத்திலும் தயிர்த் திட்டு போல வெள்ளை:* பூஞ்சை. ஆஸ்துமா இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். இரண்டும் இல்லாத ஒருவருக்கு வந்தால் எச்.ஐ.வி. சோதனையும் சேர்த்துச் செய்வது நல்லது.

அறிகுறி 7: விழுங்கியதும் காதுக்குள் மின்னல் அடித்தது போல

அடித்துவிட்டு நொடிகளில், அதிகம் போனால் இரண்டு நிமிடத்தில் நிற்கும். குளிர்ந்த தண்ணீர், கொட்டாவி, பேச்சு எல்லாமே கிளப்பிவிடும். தொண்டை நரம்பு வலி. அரிது. சாதாரண வலி மாத்திரை இதைத் தொடாது, நரம்பியல் டாக்டர் தரும் கார்பமசெபின் கேட்கும். வலியோடு தலைசுற்றி விழுந்தால் உடனே போக வேண்டும், இதயத் துடிப்பு குறைந்திருக்கலாம்.

மின்னல் இல்லை, மந்தமாக மாதக்கணக்கில் ஒரு பக்கம், தலையைத் திருப்பினால் கூடுகிறது, தொண்டையில் எலும்பு நிற்பது போல இருக்கிறது என்றால் காதுக்குக் கீழே உள்ள ஊசி எலும்பு நீண்டிருக்கிறதா என்று பார்க்கலாம். வழக்கமாக 2.5 சென்டிமீட்டர், 3-ஐத் தாண்டினால் நீளம். அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் 1937-இல் எழுதிய நோய் இது. பல் மருத்துவமனையில் எடுக்கும் முழுத்தாடை எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும் என்பதால் சி.டி.க்கு முன் அதைக் கேளுங்கள். எலும்பு நீளமாக இருக்கும் பலருக்கு வலியே கிடையாது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அறுவைக்கு ஓடாதீர்கள்.

அறிகுறி 8: மூன்று வாரம் தாண்டிவிட்டது

இங்கே இனி வீட்டு வைத்தியம் கிடையாது.

*பீடி, சிகரெட், குடி, வெற்றிலையோடு புகையிலை:* இதில் ஏதாவது பழக்கம் உண்டு, விழுங்கினால் ஒரு பக்கம் வலித்து அதே பக்கக் காதுக்கு ஏறுகிறது, காதைப் பார்த்தால் ஒன்றுமில்லை. இந்தச் சேர்க்கையைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். குரல் மாற்றம், எடை குறைவது, எச்சிலில் ரத்தம், கழுத்தில் வலியில்லாத கெட்டியான கட்டி என்று எது கூட இருந்தாலும் அந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டர். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, மயக்க ஊசி வேண்டாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் ஆரம்பிக்கலாம்.

பழக்கம் எதுவும் இல்லாத பெண்களும் விலக்கல்ல. நீண்ட நாள் ரத்த சோகை, நகம் கரண்டி போலக் குழிந்திருப்பது, வறண்ட சோறு இறங்காமல் ரசம் ஊற்றிக்கொண்டே சாப்பிடுவது. உணவுக்குழாயின் மேல்வாசலில் சவ்வு கட்டியிருக்கலாம். ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து எடுப்பதோடு ஒருமுறை உள்ளே பார்த்துவிட வேண்டும், பிற்காலத்தில் அந்த இடத்தில் புற்று வரும் வாய்ப்பு கூடுதல்.

*கொத்தாக நெறி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு:* கண்டமாலை என்று பழைய ஆட்கள் சொல்வது, காசநோயின் கழுத்து வடிவம். முதலில் வலிக்காது, சீழாகும்போதுதான் நோகும். யாரிடமும் கீறிவிடச் சொல்லாதீர்கள், ஆறாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பார்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், குறைந்தது 6 மாதம்.

டாக்டரிடம் போகும்போது

இதுவரை போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். "ஒரு மஞ்சள் மாத்திரை" என்றால் எங்களுக்குப் புரியாது. வலி என்றைக்கு ஆரம்பித்தது, காய்ச்சல் எவ்வளவு, இடம் நகர்ந்ததா என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டான்சில் படம் மொபைலில் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். முள் என்றால் வரும் வழியில் எதையும் சாப்பிட வேண்டாம், டீ கூட. மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் வெறும் வயிறாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மணி நேரம் வராந்தாவில் காத்திருக்க நேரிடும்.